பின்னால் ஓர் ஆளுக்கு இடம்

மோட்டார் சைக்கிள் வாங்க நினைப்பவர்களில் பாதிப்பேர் நிறத்தைப் பார்க்கிறார்கள். மீதிப்பேர் மச்சினன் என்ன வைத்திருக்கிறான் என்று பார்க்கிறார்கள். எந்த ரோட்டில் ஓடப்போகிறோம் என்று யோசித்துவிட்டு வருகிறவன் நூற்றுக்கு ஒருவன். கிண்ணியாவில் இருபத்தாறு வருடமாகக் கராஜ் வைத்திருக்கிற எனக்கு அப்படி அகப்பட்டவன் இன்பாஸ். முதல்நாள் வந்தபோதே, "முனீப், எனக்கு ஓட்டம் முழுக்க வாய்க்கால் கட்டுல, அதுக்கு எது நல்லம்?" என்று கேட்டான். அன்றைக்கே இவனோடு காலம் தள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

இன்பாஸ் வட்டை விதானை. வட்டை என்பது எங்கள் பக்கத்தில் வயல்வெளி. எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர், யாருடைய மாடு யாருடைய பயிரை மேய்ந்தது, எந்த வாய்க்கால் உடைந்தது என்று எல்லாவற்றுக்கும் விவசாயிகள் சேர்ந்து தெரிவு செய்கிற ஆள் அவன். சம்பளம் நெல்லாக வரும், ஏச்சு தினமும் வரும். விடியச் சுபஹு தொழுதுவிட்டுக் கிளம்பினால் தார் போட்ட கார்ப்பெட் ரோட்டில் பாதி, கிரவலில் பாதி, பிறகு வாய்க்கால் கட்டில், அந்தக் கரை மேட்டில், ஒற்றையடிப் பாதை. ஒருநாள்கூட ஓடாமல் இருக்க முடியாது. பெருநாள் அன்றைக்கும் தண்ணீர் பாயும் அல்லவா?

அவனுடைய ஊர் மூதூர். இங்கே வந்தது கலியாணம் முடித்து. எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருக்கும். அவள் பெற்ற மகள் பெரியவளானால் வீடு அந்த மகளுக்குப் போகும். இன்பாஸின் வாப்பா கட்டிய வீடு மூதூரில் அவனுடைய ராத்தாவுக்கு, மூத்த சகோதரிக்குப் போயிற்று. இவன் ஒரு பையையும் ஒரு சைக்கிளையும் கொண்டுவந்து மனைவி ஜெமீலாவின் வீட்டுக்குள் ஏறினான். இருபத்து மூன்று வருடம் அந்த வீட்டில் இருந்தும், கூரைக்குக் கீழே அவன் பெயரில் இருந்தது அவனுடைய மோட்டார் சைக்கிள் மட்டுந்தான். இதைச் சொல்லி நான் பகிடி பண்ணுவேன். அவனும் சிரிப்பான்.

ஜெமீலாவை வைத்துக்கொண்டு அவன் பட்ட சந்தோசத்தை நான் கண்ணால் கண்டவன். வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாலத்துக்குப் போவான். கடலுக்கு மேலே நடுப்பாலத்தில் நிறுத்தி, கடலைக்கொட்டை வாங்கி, இருவரும் ஒரு வார்த்தை கதைக்காமல் தின்றுவிட்டு வருவார்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது. என் வீட்டில் கடலைக்கொட்டை வாங்கினால் அதன் விலையில் இருந்து கதை தொடங்கும்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் மாரிக்கு முன்னால் ஜெமீலாவுக்கு வயிற்றில் நோவு வந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிறகு தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கும் போனார்கள். டொக்டர் ஜெமீலாவை வெளியே இருத்திவிட்டு இன்பாஸை மட்டும் உள்ளே கூப்பிட்டார். ஈரலில் கட்டி, எல்லா இடமும் பரவிவிட்டது, ஆறு மாதம் இருந்தால் பெரிய காரியம் என்றார். இவன் வெளியே வந்து மனைவியிடம் புண் என்றான். குடலில் புண், குளிசை போட்டால் ஆறிவிடும் என்றான்.

அன்றிலிருந்து அவனுக்கு இருந்த ஒரே வேலை அதுதான், ஜெமீலாவுக்குத் தெரியக்கூடாது. மகள் பஹ்மியாவுக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. அடுத்த வருடம் இருவரும் உம்றாவுக்கு மக்கா போவோம் என்று அவளிடம் சொல்லி, பாஸ்போட்டுக்குப் படமும் எடுப்பித்தான். அவள் சோறு வேண்டாம் என்றால் புண் ஆறும்போது அப்படித்தான் இருக்கும் என்பான். நாக்கை அவ்வளவு கவனமாகக் காத்தவன் மோட்டார் சைக்கிள் விசயத்தில் கோட்டை விட்டான். அதற்குக் கூட நின்றவன் நான்.

மாரியில் அவனுடைய பழைய வண்டி வாய்க்காலுக்குள் சறுக்கி விழுந்தது. நூற்றைம்பது கிலோப் பாரம். இவன் கால் கீழே மாட்டி, மாடு மேய்க்க வந்த ஒருவர் கண்டு தூக்கும்வரை ஒரு மணித்தியாலம் சேற்றில் கிடந்திருக்கிறான். எஞ்சினுக்குள் தண்ணீர் போய் வண்டியும் முடிந்தது. அடுத்தநாள் நொண்டிக்கொண்டு வந்து, தனி ஆளாகத் தூக்கக்கூடிய வண்டி ஒன்று பார்க்கவேண்டும் என்றான். கால் எப்படி என்று கேட்டேன், வண்டி எப்போது பார்க்கலாம் என்று திருப்பிக் கேட்டான்.

நான் மூன்று வழி சொன்னேன். நீளச் சீற் வைத்த இந்திய வண்டி புதிதாகவே எடுக்கலாம், வீட்டுக்கு நல்லது, ஆனால் வாய்க்கால் கட்டில் விழுந்தால் பழைய கதைதான். ட்ரெயில் பைக் எடுத்தால் சேறு சகதி எல்லாம் ஏறும், ஆனால் முன் சில்லு பெரியது, அந்த அளவில் ரயர் தேடித் திருகோணமலை முழுக்க அலையவேண்டும். மூன்றாவது சுப்பர்மோட்டோ. அது ட்ரெயில் பைக்கின் மெலிந்த உடம்பில், ரோட்டு வண்டியின் சின்னச் சில்லையும் அகலமான ரயரையும் பூட்டியது. கார்ப்பெட் ரோட்டில் பிடித்து நிற்கும், குழியில் விழுந்தாலும் இடுப்பு நோகாது, ரயர் எந்தக் கடையிலும் கிடைக்கும். நூற்றிருபத்தைந்து சீசீ எஞ்சின் பெற்றோலும் அதிகம் குடிக்காது. எல்லாம் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு கிலோ. கழுதை மாதிரி உழைக்கும், ஆட்டுக்குட்டி மாதிரித் தூக்கலாம் என்று சொன்னேன். எனக்கு அந்த வண்டிகளில் ஒரு பைத்தியம். சாட்டுப்போக்குக் கிடைத்தால் விடமாட்டேன்.

திருகோணமலை லிங்கநகரில் சசிகரன் என்ற பொடியன் வெளிநாடு போவதற்காக அப்படி ஒன்றை விற்க இருந்தான். ஒரு சனிக்கிழமை இருவரும் போனோம். வண்டியைப் பார்த்ததும் நான் மயங்கிவிட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். எஞ்சின் சத்தம் சுத்தமாக இருந்தது. பாரம் குறைக்க வேண்டும் என்று சசிகரன் பின்பக்கத்தை அளவாக வெட்டி, சீற்றைக் கட்டையாக்கி, பின்னால் இருப்பவர் கால் வைக்கிற இரும்புகளையும் அடியோடு அரிந்து எடுத்திருந்தான். வேலை தெரிந்த கை என்று நான் அவனைப் புகழ்ந்தேன். இன்பாஸ் வண்டியைச் சரித்துக் கிடத்தி, தனி ஆளாக நிமிர்த்திப் பார்த்தான். இரண்டு தரம் செய்தான். இரண்டு தரமும் மூச்சு வாங்காமல் நிமிர்த்தினான்.

சசிகரன் நல்ல பிள்ளை. விற்கிற அவசரத்திலும் ஒன்றை ஒளிக்கவில்லை.

"அண்ணை, பின்னால ஆக்களை ஏத்துவீங்களோ? இதில ரெண்டு பேர் போறது கஸ்டம். பிறகு குறை சொல்லக் கூடாது."

"இல்லத் தம்பி," என்றான் இன்பாஸ். "நான் இனித் தனியத்தான்."

இனி என்ற அந்தச் சொல் என் காதிலும் விழுந்தது. ஜெமீலாவுக்குச் சுகமில்லை, ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில்தானே போகிறாள், அதைச் சொல்கிறான் என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் கண் அந்த எஞ்சினிலேயே இருந்தது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யார் வண்டி எடுத்தாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து, துஆ ஓதி, அக்கம்பக்கத்துக்கு இனிப்புக் கொடுத்து, முதல் ஓட்டம் வீட்டுக்காரியை ஏற்றிக்கொண்டு பாலம்வரை போய்வருவார்கள். வண்டி முதலில் வீட்டுப் பெண்ணைச் சுமக்கவேண்டும் என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். இன்பாஸும் இதற்கு முன் நாலு வண்டிக்கும் அப்படித்தான் செய்தான். இந்த வழக்கம் அவனுக்கும் எனக்கும் எப்படி மறந்துபோனது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. இருவருமே வாய்க்கால் கட்டைத்தான் நினைத்தோம். முற்றத்தை நினைக்கவில்லை.

அசர் நேரம் நாங்கள் வளவுக்குள் வண்டியை ஏற்றினோம். ஜெமீலா ஆயத்தமாகி நின்றாள். புது அபாயா போட்டு, சோல் சுற்றி, முகத்துக்குப் பவுடரும் பூசியிருந்தாள். உடம்பு பாதியாகிப்போயிருந்தது. பஹ்மியா ஒரு கையில் உம்மாவைப் பிடித்து, மறு கையில் பூந்தித் தட்டோடு நின்றாள். துஆ முடிந்தது. ஜெமீலா வண்டிக்குக் கிட்ட வந்து ஒரு கையால் சீற்றைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அபாயாவைக் கொஞ்சம் தூக்கி, கால் வைக்க இடம் தேடினாள். இடப்பக்கம் பார்த்தாள். சுற்றிப் போய் வலப்பக்கமும் பார்த்தாள்.

"எனக்குக் கால் வெக்க இடமில்லயே மச்சான்," என்றாள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருசனையும் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். இன்பாஸின் முகத்தை நான் பார்த்தேன். களவு அகப்பட்டவனின் முகம் அது. பிறகு பூட்டலாம், முனீப் பூட்டித் தருவான் என்று ஏதோ சொன்னான். வார்த்தை ஒன்றோடு ஒன்று சேரவில்லை. ஜெமீலா அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு அபாயாவைக் கீழே விட்டு, பூந்தியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். எங்களுக்குத் தேத்தண்ணியும் அவள்தான் ஊற்றி அனுப்பினாள். சீனி அளவாக இருந்தது.

மூன்றாம் நாள், இன்பாஸ் வட்டைக்குப் போன பிறகு, ஜெமீலா ஓட்டோவில் என் கராஜுக்கு வந்தாள். தனியாக வந்திருந்தாள். அவள் என்னைக் காக்கா என்பாள், அண்ணன் என்ற மாதிரி. கதிரை ஒன்றைத் துடைத்துப் போட்டேன். இருந்து மூச்சு வாங்கினாள். பிறகு, இவருக்கு நீங்கள் எத்தனை வண்டி பார்த்துக் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். இதோடு ஐந்து என்றேன்.

"நாலுலயும் எனக்கு இடமிருந்திச்சு, முனீப் காக்கா. அஞ்சாவதுல இல்ல. டொக்டர் இவருட்ட என்னவோ சொல்லியிருக்கார்."

எனக்கு ஒன்றும் தெரியாது என்று அல்லாஹ்மேல் ஆணையிட்டுச் சொன்னேன். நம்பினாள். எனக்குத்தான் அந்த நேரத்தில் லிங்கநகரில் கேட்ட 'இனி' என்ற சொல் நெஞ்சில் வந்து இடித்தது. அவள் அழவில்லை. அழுகிறதெல்லாம் இரண்டு நாளும் குசினிக்குள் அழுது முடித்துவிட்டேன் என்றாள். இன்பாஸிடம் கேட்டுப் பார்க்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். மறைத்து வைத்திருக்கிறோம் என்ற நினைப்பில்தான் அவர் சோறு தின்கிறார், நித்திரை கொள்கிறார், அதை நான் உடைக்கமாட்டேன் என்றாள். பிறகு வந்த விசயத்தைச் சொன்னாள்.

"பஹ்மியாட கலியாணம் முடிஞ்சா வீடு புள்ளைக்கு. நானும் இல்லாட்டி இவர் எங்க போய் இருக்கிற? மூதூர்ல இவருக்கு ஒரு கூரையில்ல. மருமகன் இருக்கிற வீட்டுல கூச்சப்பட்டுக்கொண்டு எத்தினை நாளைக்கு இருப்பார்? ஆரும் ஒரு பொம்புளைட வீட்டுக்குத்தான் போகவேணும். நாப்பத்தெட்டு வயசுதானே. வாறவ என்னைப்போல முத்தத்தில நிண்டு கால் வெக்க இடம் தேடக்கூடா. நீங்க சீற்ற நீட்டி, அந்த இரும்பையும் போட்டுக் குடுங்க."

கையில் இருந்த சாவியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"எனக்கு எண்டு சொல்லுங்க," என்றாள். "இல்லாட்டிப் போட விடமாட்டார். இது உங்களுட்ட அமானிதம்."

அமானிதம் என்று சொல்லிவிட்டால் எங்களில் அதற்குமேல் பேச்சில்லை. நம்பி ஒப்படைத்ததை உயிர் உள்ளமட்டும் காக்கவேண்டும். ஓம் தங்கச்சி என்றேன்.

அந்த வேலையை நான் இரண்டு நாள் செய்தேன். அரிந்த இடத்தில் புதுத் தகடு வைத்து ஒட்டி, மடிக்கக்கூடிய மாதிரி இரும்பு பூட்டினேன். சீற்றை ஒரு சாண் நீட்டி, நல்ல பஞ்சு வைத்துத் தைப்பித்தேன். வண்டியில் மூன்று கிலோ கூடிற்று. இன்பாஸ் வந்து பார்த்தான். ஜெமீலா கேட்டாள், தனக்கு ஏற வேண்டுமாம் என்று பொய்யைச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்ததை நான் எப்படிச் சொல்ல? நாலு மாதமாக இறுகிக் கிடந்த முகம் அது. அந்த இரும்பைக் கையால் மடித்தான், விரித்தான், மறுபடி மடித்தான். என் தோளில் கையைப் போட்டு, அவளுக்கு ஒன்றும் தெரியாது மச்சான், தெரிந்தால் இதைக் கேட்பாளா என்றான். பிறகு டொக்டர் சொன்னது முழுவதையும் எனக்குச் சொல்லி, கராஜின் மூலையில் இருந்து அழுதான். எல்லாம் புதிதாகக் கேட்பவன்போல நானும் கேட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவளைப் பாலத்துக்குக் கொண்டுபோனான். வண்டி உயரம். முற்றத்தில் சீமெந்துக்கல் இரண்டை அடுக்கி, நானும் பஹ்மியாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம். ஏறியதும் ஜெமீலா கால்கள் இரண்டையும் இரும்பில் வைத்து, அழுத்திப் பார்த்தாள். என்னைப் பார்த்து, உறுதியாக இருக்கிறது காக்கா, நல்லாப் போட்டிருக்கிறீங்க என்றாள். இன்பாஸ் பெருமையோடு திரும்பிச் சிரித்தான். வண்டி போனபிறகும் நான் அந்தச் சீமெந்துக்கல்லின்மேல் இருந்தேன். பஹ்மியா, ஏன் மாமா அழுறீங்க என்று கேட்டாள். கண்ணில் தூசி என்றேன், வேறு என்ன சொல்ல?

பஹ்மியாவின் நிக்காஹ்வை ஜெமீலா அவசரப்படுத்தி நடத்துவித்தாள். கதிரையில் சாய்ந்து இருந்தபடி பார்த்தாள். அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தாள். கடைசிவரை இன்பாஸ் அவளிடம் புண் என்றுதான் சொன்னான், அவளும் ஓம் என்றுதான் கேட்டாள்.

ஒரு வருடம் போய்விட்டது. வீடு இப்போது பஹ்மியாவின் வீடு. மருமகன் நல்லவன், மாமாவுக்கு முன்னறையைக் கொடுத்திருக்கிறான். ஆனால் இன்பாஸ் வீட்டுக்குள் செருமிவிட்டுத்தான் நுழைகிறான். பாத்ரூமுக்குப் போகவும் யோசிக்கிறான். கிழமையில் நாலு நாள் வட்டையில் காவல் வாடிக் குடிசையில் படுக்கிறான். யானை வருகிற இடம். ஆள் மெலிந்து, தாடி நரைத்து, சட்டைப் பொத்தான் ஒன்று எப்போதும் இல்லாமல்தான் வருவான். பார்க்க எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

என் மனைவியின் சொந்தத்தில் ஹுஸ்னியா என்று ஒரு பெண், புருசனைக் கடலில் பறிகொடுத்தவள். தையல் வேலை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் சொந்த வீடு. அவள் பக்கத்தில் சம்மதம். நானே பேச்சை எடுத்தேன். இன்பாஸ் கோபிக்கவில்லை. வண்டிக்கு எண்ணெய் மாற்ற வந்திருந்தவன், சீற்றின் பின்பக்கத்தைக் கையால் தட்டிக் காட்டினான். இதில் நான் ஒருவரையும் ஏற்றுவதில்லை, மழைக்குள் நிற்கிற ஆளைக்கூட ஏற்றவில்லை என்றான்.

"அவ ஏலாத உடம்போட வந்து, தனக்கெண்டு கேட்டு வாங்கின இடம். அதில இன்னொருத்தியக் கொண்டுபோய் இருத்தினா நான் மனுசனா?"

சொல்லியிருக்கவேண்டும். அவள் இந்த இடத்தை எதற்காகக் கேட்டாள் என்று ஒரே ஒரு வசனம். அவன் ஒரு வீட்டில் இருந்து சோறு தின்னவேண்டும் என்றுதான் அவள் அந்த உடம்போடு ஓட்டோ ஏறி வந்தாள். அவளுடைய அமானிதத்தைக் காப்பதாக நினைத்து, அவள் கேட்டதையே நான் நடக்கவிடாமல் வைத்திருக்கிறேன். இது எனக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் அந்த வசனத்தைச் சொன்னால் அதற்குப் பின்னால் மற்றதும் வரும். அவளுக்கு எல்லாம் தெரியும், நீ இரவு பகலாகக் காத்ததை இந்த வண்டி முதல்நாளே சொல்லிவிட்டது, தெரிந்துகொண்டுதான் அவள் உன் முதுகைப் பிடித்துக்கொண்டு பாலத்துக்கு வந்தாள் என்று அவன் அறிவான். பிறகு அவனிடம் என்ன மிஞ்சும்?

நான் வடிகிற எண்ணெயைக் குனிந்து பார்ப்பதைக் கண்டு அவனுக்கு என்னவோ போல் இருந்திருக்கவேண்டும். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"தனக்கெண்டுதானே கேட்டவ மச்சான்?"

"ஓம்," என்றேன்.